எட்டு டெர்மினல், ஒரு கீ

ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்துவதற்கு நான் ஒரு கீ செய்துகொடுத்தேன். என் வாழ்க்கையில் நானாக யோசித்துச் செய்தது அது ஒன்றுதான். அந்தக் கீயால் ஒருத்திக்கு வேலை போனது. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கீழே லேத் பட்டறை, மேலே எங்கள் கம்பெனி. கீழே இரும்பு கடைகிற சத்தம் தரை வழியாக எங்கள் காலுக்கு வரும். மேலே ஏசி, கண்ணாடிக் கதவு, செருப்பை வெளியே விட வேண்டும். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்கள் காகிதமாக வரும். அவற்றை நாங்கள் டைப் செய்து, தலைப்புக்கு ஒரு குறி, சாய்ந்த எழுத்துக்கு ஒரு குறி என்று போட்டு டேப்பில் அனுப்புவோம். நான் பத்தாவது படித்தவள். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். பேச வேண்டாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

பெரிய அறையில் எட்டு டெர்மினல்கள். டெர்மினல் என்றால் வெறும் திரையும் கீபோர்டும்தான். எட்டுக்கும் மூளை ஒன்று. மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த சர்வர். அது யுனிக்ஸ் மெஷின். பக்கத்துச் சின்ன அறையில் நான்கு டாஸ் கம்ப்யூட்டர்கள். அவற்றுக்கு அவரவர் மூளை அவரவர் பெட்டிக்குள். இந்த வித்தியாசம் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

சர்வருக்குள் நுழைய எட்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. முதலாளியின் குலதெய்வத்தின் பெயர் அது. ஆளுக்கு ஒரு பெயர் கொடுக்கலாம் என்று மெஷின் சர்வீசுக்கு வரும் என்ஜினியர் சொன்னார். சூப்பர்வைசர் மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "தனித்தனியா குடுத்தா தனித்தனியா மறைப்பாளுங்க" என்றார். அதனால் மெஷினின் கணக்கில் நாங்கள் எட்டு பேரும் ஒரே ஆள்.

ஒரு அத்தியாயத்தை எடிட்டரில் டைப் செய்து முடித்ததும் செக் என்ற ஒன்றை ஓட விடுவோம். குறிகள் சரியா, வார்த்தைகள் சரியா, வரிசை சரியா என்று அது பார்க்கும். இருபது நிமிஷம், அரை மணி ஆகும். அதுவரை சும்மா உட்கார முடியாது. அதனால் செக்கைப் பின்னால் ஓட விட்டுவிட்டு, முன்னால் எடிட்டரில் அடுத்த அத்தியாயத்தை டைப் செய்துகொண்டிருப்போம். பின்னால் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. முடிந்ததா என்று பார்க்க அது எழுதிவைக்கும் ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டும்.

தொல்லை எங்கே என்றால், முதல் பக்கத்திலேயே ஒரு குறியை மூடாமல் விட்டிருந்தால் செக் ஒவ்வொரு வரிக்கும் தப்பு என்று எழுத ஆரம்பிக்கும். எழுதி எழுதி டிஸ்க் நிரம்பும். எட்டு திரையும் ஒரே நேரத்தில் உறைந்துவிடும். மேடம் எழுந்து நின்று, "எவடி அது?" என்பார். எவள் என்று தெரிந்ததும் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, அவள் அப்பா அம்மா எதற்காக அவளைப் பெற்றார்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அதனால் செக் தப்பாக ஓடுகிறது என்று தெரிந்த உடனே அதை நிறுத்த வேண்டும்.

நிறுத்துவது லேசல்ல. எடிட்டரை விட்டு வெளியே வர வேண்டும். ஓடும் வேலைகளின் பட்டியலைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் இருக்கும். நம்முடையது எது என்று நேரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, கில் என்று அடித்து அந்த எண்ணைப் போட வேண்டும். அதையும் செய்தால் பாதிதான் நிற்கும். ஏனென்றால் செக் என்பது ஒரு வேலை இல்லை. அது ஒரு தாய். வார்த்தை பார்க்க ஒன்று, வரிசைப்படுத்த ஒன்று என்று பிள்ளைகளை ஏவிவிடும். தாயைக் கொன்றால் பிள்ளைகள் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும்.

"தலைய வெட்டிட்டேன், வாலு இன்னும் ஆடிகினே கீது பார்" என்று ஆவடியிலிருந்து வருகிற பெண் சத்தமாகச் சொல்லுவாள். எங்கள் அறையில் சிரிப்பு என்று ஒன்று இருந்தது அவளால்தான். அழுகையும் பாதி அவளால்தான்.

இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. மெஷினோடு வந்த தடிப் புத்தகம் மேடத்தின் மேஜையில் பூத்தட்டு வைக்கப் பயன்பட்டது. சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்து, என் தம்பியின் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்தேன். மூன்று நான்கு வரிகளில் ஒரு ஃபைல் எழுதினேன். ஓடும் பட்டியலை எடு, அதில் செக்கின் பெயரும் அதன் பிள்ளைகளின் பெயர்களும் எங்கெல்லாம் இருக்கிறதோ அந்த வரிகளைப் பொறுக்கு, அந்த எண்களை எல்லாம் கொல்லு. வெறும் கில் என்றால் வேலை தன் சாமான்களை ஒதுங்க வைத்துவிட்டு நிற்கும். சில சமயம் நிற்கவும் நிற்காது. ஒன்பது என்ற எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் அந்த இடத்திலேயே விழும். நான் ஒன்பதைச் சேர்த்தேன். அதனாலேயே எடிட்டரில் எஃப் ஒன்பது கீயில் அதை வைத்தேன். எட்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதால் ஒரு இடத்தில் வைத்தால் எட்டு டெர்மினலுக்கும் வந்துவிட்டது.

ஆவடிக்காரி முதல் ஆளாக அழுத்திப் பார்த்தாள். "வாலும் போச்சு! ஏய் ஊமை, இன்னாத்த பண்ண நீ?" என்று என் முதுகில் அறைந்தாள். என்னை அவர்கள் ஊமை என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்து, "யாரும்மா பண்ணது?" என்று கேட்டார். மேடம் என்னைக் காட்டினார். எனக்குக் காது சுட்டது. அவர், "அந்த ரூம்லயும் இதே கீ வேலை செய்யணும். ஆளை மாத்தி உக்கார வெச்சா குழம்பக் கூடாது" என்றார்.

டாஸில் பின்னால் ஓடுவது என்று எதுவும் கிடையாது, பிரிண்ட் போவதைத் தவிர. நூறு பக்கம் பிரிண்டுக்கு அனுப்பிவிட்டு டைப் செய்துகொண்டிருக்கலாம். காகிதம் சிக்கினால் அதை நிறுத்த வேண்டும். அந்த எடிட்டரிலும் எஃப் ஒன்பதில், வரிசையில் நிற்கும் பிரிண்ட் எல்லாவற்றையும் ரத்து செய்யும் வரியை வைத்தேன். அங்கே அது அந்த ஒரு பெட்டியோடு முடிந்துவிடும். அடுத்த பெட்டியைத் தொடாது. இரண்டு அறையிலும் ஒரே கீ. மேடம் அன்று என்னிடம் முதல் முறையாக, "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

ஏழாவது டெர்மினலில் இருந்தவள் திருமழிசையிலிருந்து வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள், நான் அக்கா என்பேன். மற்றவர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "ஏ திருமழிசை" என்பார்கள். ஊரில் அவள் எந்தப் பக்கத்துத் தெரு என்பது முதல் வாரத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொள்ளப்பட்டிருந்தது. அவள் அம்மா அப்பா நாற்று நட்டவர்கள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் அவள். தண்ணீர் குடிக்க எங்கள் டம்ளரை எடுக்காமல் தானே ஒரு பாட்டில் கொண்டுவருவாள். எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாள் அவள் எடுத்த டம்ளரை அடுத்த நாள் காணவில்லை, அவ்வளவுதான்.

அவள் புருஷன் விட்டுப் போனவன். நாலு வயதுப் பெண் குழந்தை, அதற்கு இழுப்பு. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பெர்மனென்ட் என்று முதலாளி சொல்லியிருந்தார். பெர்மனென்ட் ஆனால் ஈ.எஸ்.ஐ. அட்டை வரும். குழந்தைக்கு மருந்து, ஊசி, மூச்சு முட்டினால் படுக்க ஒரு கட்டில். அவள் அந்த அட்டைக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். அதை மறைக்கவும் இல்லை.

அவள் கையில் நல்ல வேகம் இருந்ததால் பெரிய வேலை ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். செடிகளைப் பற்றிய ஒரு அகராதி. ஒவ்வொரு எழுத்தாக முடித்து வெள்ளிக்கிழமை தோறும் அனுப்ப வேண்டும். ஒரு எழுத்து முழுவதையும் ஒன்றாகச் செக் செய்தால்தான் வரிசை சரியாக வரும். அந்த ஓட்டத்தை ரன் என்போம், ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு முதலாளி சர்வரை அணைத்துப் பூட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது. அதனால் காலை ஒன்பதுக்குள் போட்டு இரண்டு மணிக்கு எடுப்பாள். முதல் இரண்டு மூன்று எழுத்துகள் அப்படி ஒழுங்காகப் போயின.

அதற்குப் பிறகுதான் என் கீ வந்தது.

அந்த வாரம் அவள் ரன் பாதியில் நின்றது. எந்தச் செய்தியும் இல்லை, ஃபைல் நடு வார்த்தையில் முடிந்திருந்தது. மறுநாள் போட்டாள், நின்றது. அதற்கு அடுத்த நாளும். மேடம் வந்து பார்த்தார். "எல்லாருக்கும் ஓடுது, உனக்கு மட்டும் ஏன் நிக்குது?"

"தெர்ல மேடம். நா ஒண்ணும் தொடல."

"தொட்டாதானே நிக்குது" என்றாள் ஆவடிக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். அங்கேதான் அது ஆரம்பித்தது.

மற்றவர்களின் செக்கும் நடுவில் நின்றிருக்கும். ஆனால் இருபது நிமிஷ வேலை நின்றால் திரும்பப் போட்டுவிடுவார்கள், பெரிதாக நினைக்க மாட்டார்கள். ஐந்து மணி நேரம் ஓடுவது அவளுடையது ஒன்றுதான்.

அடுத்த எழுத்து தாமதமானது. அதற்கடுத்ததும். அவள் கை ராசியில்லாத கை என்று முடிவாயிற்று. மேடம் அவளைக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்காரச் சொன்னார். பிறகு ரன் போடும் அந்த ஒரு வரியை அவள் அடிக்கக் கூடாது, வேறு யாராவது அடிக்க வேண்டும் என்றார். ஆவடிக்காரி அடித்தாள், அதுவும் நின்றது. "நாற்காலி அவ உக்காந்த நாற்காலிடி" என்றார்கள். அவள் மானிட்டர் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வந்தது. வெள்ளிக்கிழமை சர்வருக்குக் கற்பூரம் காட்டும்போது அவளை வெளியே செருப்புகளோடு நிற்கச் சொன்னார்கள். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் குங்குமம் வைத்தோம். நான் வேதக்காரி, குங்குமம் வைக்க மாட்டேன். ஆனால் குங்குமத் தட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழாவது டெர்மினலுக்கு மட்டும் அவளை விடாமல் மேடமே வைத்தார். அவளுக்குப் பொரியைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தார்கள்.

ஒரு வாரம் அவளை டாஸ் அறையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. நானூறு பக்கம் பிரிண்ட் தங்குதடையில்லாமல் வந்தது. இதைப் பார்த்தாவது யாராவது யோசித்திருக்கலாம். மேடம், "அந்த ரூம்ல பிள்ளையார் படம் இருக்கு, அதான்" என்றார். அகராதி தாமதம் என்று வெள்ளைக்காரன் கடிதம் போட்டதால் அவளை மறுபடி ஏழாவதுக்குக் கொண்டுவந்தார்கள். அகராதி வேலை அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு என் அத்தியாயத்தில் குறி மூடாமல் போயிற்று. நிறுத்துவதற்கு முன், ஏனோ பழைய பழக்கத்தில் பட்டியலைக் கேட்டேன். என்னுடைய செக் இருந்தது. மேலே இரண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு செக்கும் இருந்தது. எஃப் ஒன்பதை அழுத்தினேன். மறுபடி பட்டியலைக் கேட்டேன். இரண்டும் இல்லை.

பெயரைப் பார்த்துக் கொல்லச் சொல்லியிருந்தேன். யாருடையது என்று பார்க்கச் சொல்லவில்லை. பார்க்கவும் வழியில்லை, எட்டு பேருக்கும் ஒரே பெயர். எட்டு பேர் இருக்கும் அறையில் யாராவது ஒருத்தி எஃப் ஒன்பதை அழுத்தாமல் ஐந்து மணி நேரம் கழியாது.

இது தெரிந்த நிமிஷம் எழுந்து போய்ச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. எனக்குத் தோன்றியது வேறு. இது தற்செயலாக இருக்கலாம், உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் அக்கா எட்டே முக்காலுக்கு ரன் போட்டாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மாடிப்படிக்குப் போய்விட்டார்கள். அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து ஏழாவது டெர்மினல் தெரியும். யாரும் அதைத் தொட்டுவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். நான் இரண்டாவது டெர்மினலில் இருந்தேன். எனக்கு நிறுத்த வேண்டியது ஒன்றும் இல்லை. பட்டியலைப் பார்த்தேன். நான்கு மணி நேரம் ஓடியிருந்தது. கதவுக்கு வெளியே அவளைப் பார்த்தேன். சிரித்தாள். எஃப் ஒன்பதை அழுத்தினேன். பட்டியலைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

அவள் கண் தன் கீபோர்டிலேயே இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று முப்பது வருஷமாக எனக்கு நானே பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நான் கூச்சக்காரி, மேடம் முன்னால் நின்று பேச நாக்கு வராது, அது உண்மை. ஆனால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கலாம். அந்தக் கீயைத் தவிர அந்த அறையில் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. ஊமை என்று கூப்பிட்டவர்கள் இப்போது "ஏய் ஒம்போது" என்று கூப்பிட்டார்கள், அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தும் நான் திரும்பினேன். எனக்கும் பெர்மனென்ட் பாக்கி இருந்தது. இதுதான் பதில்.

சரிசெய்யும் வழியும் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டேன். பட்டியலில் எந்த டெர்மினலிலிருந்து ஓடுகிறது என்று ஒரு பத்தி இருந்தது. அதையும் பார்த்துக் கொல்லு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். சேர்க்கவில்லை. சேர்த்தால் அன்றிலிருந்து அவள் ரன் முடியும். திடீரென்று எப்படி முடிகிறது என்று என்ஜினியரைக் கூப்பிடுவார்கள். அவர் என் ஃபைலைத் திறந்தால் நான் அதைத் திருத்திய தேதி இருக்கும்.

முதலாளி அக்காவுக்குக் கடைசியாக ஒரு வாரம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை எழுத்து போகவில்லை என்றால் வேண்டாம் என்றார். வியாழன் மதியம் குழாயடியில் டப்பா கழுவும்போது அவள் பக்கத்தில் நின்றேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

"கொழந்தைக்கு எப்படிக்கா கீது?" என்று ஆரம்பித்தேன்.

"ராவெல்லாம் இழுத்துச்சு. மடியிலயே வெச்சுகினு உக்காந்துட்டேன்." டப்பாவை உதறினாள். "நாளைக்கு மட்டும் முடிஞ்சுடணும்மா. மாரியாத்தாளுக்கு வேண்டிகினு கீறேன்."

"அக்கா..."

"இன்னா?"

நான் குழாயைப் பார்த்தேன்.

"இந்த ஆபீஸ்ல நீ ஒருத்திதான் என்ன ஒண்ணும் சொல்லாம கீறே" என்றாள். "உன்ன நான் மறக்கவே மாட்டேன்."

டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை ரன் எட்டே முக்காலுக்குத் தொடங்கியது. அக்கா அகராதியின் அடுத்த எழுத்தை டைப் செய்யவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடமும் விட்டுவிட்டார். நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அன்று அதுவரை யாரும் குறியை மூடாமல் விடவில்லை. ஒன்றரை ஆயிற்று. இன்னும் கால் மணிதான். முடிந்துவிடும், முடிந்துவிட்டால் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

"அய்ய, போச்சுடா" என்றாள் ஆவடிக்காரி. எனக்கு அடுத்த நாற்காலிக்கு அடுத்த நாற்காலி. அவள் அத்தியாயத்தில் குறி மூடவில்லை. கை மேலே போனது. மேல் வரிசைக் கீகளில் விரல் எஃப் ஒன்பதைத் தேடி நகர்வதைப் பார்த்தேன். "கொஞ்சம் இரு" என்று சொல்ல நேரம் இருந்தது. இரண்டு வார்த்தை. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்த்தாள். "இன்னாடி மொறைக்கிற?" என்றாள்.

நான் தலையாட்டினேன், ஒன்றுமில்லை என்று. அவள் அழுத்தினாள்.

ஒன்றே முக்காலுக்கு அக்கா ஃபைலைத் திறந்தாள். கடைசி வரி பாதியில் இருந்தது. அவள் அழவில்லை. தன் இரண்டு கையையும் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள், பிறகு அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். மேடம், "போம்மா, பஸ் கூட்டம் ஆறதுக்குள்ள போ" என்றார். அக்கா தண்ணீர் பாட்டிலையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள். போகும்போது என் தோளைத் தொட வந்தாள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு யார் எஃப் ஒன்பதை அழுத்தினாலும் அவரவர் டெர்மினலில் ஓடுவது மட்டும் நின்றது. அகராதியை என்னிடம் கொடுத்தார்கள். ஏழாவது டெர்மினலில் உட்கார்ந்தேன். முதல் ரன் ஐந்து மணி நேரம் ஓடி ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மேடம் எல்லோரையும் பார்த்து. "அவ போனா, மெஷின் பொழச்சிடுச்சு. நான் சொன்னப்ப நம்பல சில பேரு." எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தார். அதுவரை கொஞ்சம் சந்தேகத்தில் இருந்த முதலாளிக்கும் அன்று சந்தேகம் போய்விட்டது. நான் சரிசெய்ததுதான் சாட்சியாகப் போனது.

எங்கள் சபையில் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிப்போம். செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் விட்டோம் என்று ஒரு இடம் வரும். நானூறு பேர் குரலில் என் குரல் கேட்காது. அது எனக்கு வசதியாக இருந்தது. அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆனேன். ஈ.எஸ்.ஐ. அட்டை வந்தது. எனக்கு நோய் எதுவும் இல்லை.

பிறகு டாஸ் பெட்டிகள் போய் விண்டோஸ் வந்தது. அதில் மூன்று கீயைச் சேர்த்து அழுத்தினால் ஓடுகிறவற்றின் பெட்டி திறக்கும், வேண்டாததைத் தேர்ந்தெடுத்து முடிக்கலாம். முடிந்தது என்று அது சொல்லும், ஆனால் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். முதலாளி, "அந்த ஒம்போது இதுலயும் வருமா?" என்று கேட்டார். வர வைத்தேன். எந்த மெஷின் வந்தாலும் நிறுத்துகிற கீயை எழுதும் வேலை என்னுடையது. ஒவ்வொன்றிலும் யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் கொல்லும்படி எழுதினேன். தவறாமல் எழுதினேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு ஏப்ரல் மாதம், குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு என்று துணி கட்டியிருந்தது. "ஏம்மா, நீயா?" என்று குரல் கேட்டது. அக்கா. இளைத்திருந்தாள். திருமழிசை எஸ்டேட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுவதாகச் சொன்னாள். பக்கத்தில் பதினோரு வயதுப் பெண், மெலிந்த கழுத்து, மூச்சு விடும்போது கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. கையில் வகுப்பில் சேர்வதற்கான ஃபாரம் இருந்தது.

"கம்ப்யூட்டர் கத்துக்கணும்னு ஒரே அடம். ஸ்கூல்ல இவதான் ஃபர்ஸ்ட்டு" என்றாள் அக்கா. "நீயே உள்ள போயி குடுத்துட்டு வான்னு சொல்லிகினு கீறேன். நா உள்ள போ மாட்டேன்."

"ஏன்க்கா?"

"நம்ம கைதான் தெரியுமே உனக்கு" என்று சிரித்தாள். "அங்க ஏதாச்சும் நின்னுடப் போவுது. ஊட்லயே ஃபேன் சுச்ச இவதான் போடுவா. நா தொடறதில்ல."

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் சிரிக்கவில்லை. அது அவர்கள் வீட்டுப் பழக்கம் ஆகிவிட்டிருந்தது.

இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்கு இனி என்ன போகப் போகிறது? வாயைத் திறந்தேன்.

அதற்குள் அக்கா மகளின் கையிலிருந்த ஃபாரத்தை வாங்கச் சொல்லி என்னைப் பார்த்தாள். தான் அதைத் தொடவில்லை. "நீ ஒரு தபா கையில வாங்கி அவகிட்ட குடும்மா" என்றாள். "ஒன் கை நல்ல கை. நீ தொட்டா ஒண்ணும் நிக்காது."

அந்தப் பெண் ஃபாரத்தை நீட்டினாள். நான் வாங்கினேன். சிறிது நேரம் வைத்திருந்தேன். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு படியேறி உள்ளே போனாள்.